ஆறாம் கட்டிலின் மீதிப் பாதி

எதையும் அனுப்பாத தலையிலிருந்து அளவுக்கு மீறி வருகிறது என்று பிழைப்பட்டியல் சொன்னது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். ஆறாம் கட்டில். மூளை அலைக் கோடு ஏழு வாரங்களாக இருந்தது போலவே மேசை விளிம்பு மாதிரி நேராகக் கிடந்தது. ஆனால் அந்தக் கட்டிலிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும், பெரிதாக இருக்கிறது என்று சர்வரின் நெட்வொர்க் கார்டு வாசலிலேயே தூக்கி எறிந்துகொண்டிருந்தது. நொடிக்கு நாற்பது.

கட்டிலில் படுத்திருந்தவர் அவளுடைய கணவர்.

மதியம் மூன்று மணி. திரைச்சீலையின் இடுக்கு வழியே விழுந்த வெயில் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் ஈரத்துணியின் புளித்த வாடை. மூச்சு இயந்திரங்கள் ஒன்றுக்கொன்று சற்றுப் பிந்தி, வரிசையில் நின்று பெருமூச்சு விடுகிறவர்களைப் போல இழுத்து விட்டுக்கொண்டிருந்தன. நாளைக் காலை பத்து மணிக்கு டாக்டர்கள் கூடுவார்கள். கோடு இப்படியே இருந்தால் குழாயை எடுத்துவிடலாம் என்று மாமியாரிடம் தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். இந்த வார்டின் சர்வரைச் செய்துகொடுத்த கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. அந்த உரிமையில், கணவரின் கட்டிலருகே லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாள் பார்த்துவிட அனுமதி வாங்கியிருந்தாள்.

சர்வருக்குள் இருந்தது ஒரு கார்டுதான். அது தன்னை எட்டாகக் காட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டிலும் தனக்கென்று தனிக் கார்டு இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். ஒரு தடவையில் எவ்வளவு பெரிய பாக்கெட்டை வாங்கலாம் என்ற அளவு மட்டும் அந்த நிழல் கார்டுகளிடம் இருக்காது. கேட்டால் பூஜ்யம் என்று சொல்லும். உண்மையான அளவு தாய்க் கார்டில் எழுதியிருக்கும். இரண்டு வாரங்களுக்கு முன் அலுவலகத்திலிருந்தே பார்த்தபோது, பூஜ்யத்தைக் கண்டு, நிழல் கார்டு எப்போதும் அப்படித்தானே என்று தாய்க் கார்டைத் திறக்காமலே ‘எல்லாம் சரி’ என்று எழுதி அனுப்பியவள் அவள்தான். இன்று திறந்தாள். கம்பெனியிலிருந்து போகும்போது 256 பைட். இப்போது 128.

யாரோ குறைத்திருக்கிறார்கள்.

“அண்ணா, இந்த அளவ யாரு குறைச்சது?”

வார்டு டெக்னீஷியன் டீ டம்ளரை ஜன்னல் ஓரத்தில் வைத்தார். “நான் இல்ல மேடம். எனக்கு முன்னாடி இருந்தவரு. போறப்ப சாவியக் கையில குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, அத மட்டும் கூட்டாதன்னு.”

“ஏன்னு கேக்கலையா?”

“கேட்டேன். ஒரு தலைக்கு நூத்தி இருபத்தெட்டு போதும்னாரு. மத்த கட்டிலெல்லாம் அவ்வளவுதான அனுப்புது, நீங்களே பாருங்க.” சிரிக்கப் பார்த்தார். “கம்பெனிக்காரங்க கை வச்சா ஒரு கோளாறு போயி ரெண்டு வரும்னு நர்ஸம்மா வேற சொல்லிட்டிருக்காங்க. பாத்துச் செய்யுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதை அவள் குறித்துக்கொண்டாள். ஏழு வாரங்களாகத் தன் கணவரின் நினைவுகளை நொடிக்கு நாற்பதாகக் குப்பையில் கொட்டியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால்தான் நர்ஸின் கனிவு, டாக்டரின் தணிந்த குரல், இந்தக் கதை. எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு கட்டிலுக்கு மட்டும் கூட்ட வழியில்லை. தாயைக் கூட்டினால் எட்டுக்கும் கூடும். 256 என்று போட்டாள்.

பிழைகள் நின்றன. கோடு நடுங்கியது. பிறகு எழுந்தது.

“அம்மாடி, ஆடுது பாரு,” என்றார் மாமியார், மகனின் காலைப் பிடித்துக்கொண்டு. நர்ஸ் ஓடினாள். டாக்டர் வந்து வெகுநேரம் திரையைப் பார்த்தார். “நாளைக்கு நாங்க என்ன செஞ்சிருப்போம்னு நெனச்சா…” என்றவர் முடிக்காமல் போனார். அவள் அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபின், தொழில் பழக்கத்தில், ஒரு பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

முதல் பாதி முழுவதும் பூஜ்யம்.

இரண்டாம் பாதி நிறைந்திருந்தது. வந்ததையெல்லாம் கூட்டித்தான் திரை கோடு போடும். பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன தெரியும்? கோட்டை ஆட்டுவது இரண்டாம் பாதி மட்டும்தான்.

“அண்ணா, தலையில மாட்டுற தொப்பில எத்தன ஒயர்?”

“பதினாறு.”

ஒயருக்கு எட்டு பைட். நூற்று இருபத்தெட்டு. முதல் பாதியோடு தொப்பி முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் வருவதற்கு ஒயரே இல்லை.

“வேற ஏதாவது சொருகியிருக்கா?”

“ஒண்ணுமில்ல.” அவர் குரல் மாமியாருக்குக் கேட்காத அளவுக்கு இறங்கியது. “குறைச்சிருங்க மேடம்.”

திரையில் ஐந்தாம் கட்டில் அனுப்பும் பாக்கெட்டின் அளவு மாறியது. 128 இருந்த இடத்தில் 256. மூச்சு இயந்திரங்களில் ஒன்று பிந்துவதை விட்டது. பிறகு நான்காம் கட்டில். இப்போது இரண்டும் சேர்ந்து இழுத்தன.

அவள் 128 என்று அடித்தாள். என்டர் மட்டும் பாக்கி.

அடித்தால் கோடு படுத்துவிடும். நாளை பத்து மணி.

விரல் நின்றது. மணிக்கட்டில் சூடு. ஐந்து விரல்கள்.

“உன் கையப் பிடிச்சிருக்கான் பாரும்மா,” என்றார் மாமியார். “அவனுக்கு உன்ன அடையாளம் தெரியுது.”

கணவரின் கண்கள் திறந்திருந்தன. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. என்டர் விசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பிடி இறுகியது.

திரையில் மூன்றாம் கட்டில். 256.

அவள் தலையை மட்டும் திருப்பினாள். மூன்றாம் கட்டில் காலையிலிருந்தே காலி. விரிப்பு மடித்திருந்தது. தலைமாட்டுக் கம்பியில் தொப்பி தொங்கிக்கொண்டிருந்தது, வெறும் துணியாக, ஒயர்கள் கீழே சரிய.

அது உள்ளேயிருந்து மெல்ல உப்பியது. நெற்றி. பின்மண்டை. ஒரு தலையின் அளவுக்கு.

பிறகு அவர்கள் பக்கமாகத் திரும்பியது.