சுவரைத் தட்டினால் போதும்

செத்துப்போனவரை வீட்டைக் காலி செய்யச் சொல்வது எப்படி?

மாடிப்படியில் ஏறும்போது வீட்டுக்காரம்மாவின் மனதில் இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. உயிரோடு இருந்தபோதே அவரிடம் அதைச் சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

மாடியில் இரண்டு போர்ஷன்கள். நடுவில் ஒரே சுவர். ஒன்றில் தையல்காரி தனியாக இருந்தாள். மற்றதில் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர், அவரும் தனி. மெஷின் சத்தம் அவருக்கு ஆகாது. முதலில் கீழே வந்து புகார் சொன்னார். பிறகு அவள் வாசலிலேயே போய் நின்றார். கைத்தடியால் கதவை இடித்தார். படியில் எதிர்ப்பட்டால், வெளியே சொல்லக் கூசும் வார்த்தைகளைக் காதோரம் சொல்லிவிட்டுப் போனார். ஒருநாள் வெட்டி வைத்திருந்த துணியின் மேல் செருப்புக் காலோடு நடந்தார்.

"நீங்கதான் அக்கா கேக்கணும். வீடு உங்களோடது," என்று தையல்காரி கீழே வந்து அழுதாள்.

வீட்டுக்காரம்மா கேட்கத்தான் போனாள். அவர் நாற்காலியை விட்டு எழாமல் சொன்னது ஒன்றே ஒன்று. "அவளைக் காலி பண்ணச் சொல்லுங்க."

அதற்கு அவள் தலையாட்டவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். "நீங்க அவ வாசலுக்குப் போக வேண்டாம் பெரியவரே. சத்தம் தாங்கலைன்னா சுவரைத் தட்டுங்க, போதும். அவ நிறுத்திடுவா." பக்கத்து வாசலில் எட்டிப் பார்த்துத் தையல்காரியிடமும் சொன்னாள். "தட்டினா கொஞ்சம் நிறுத்திடும்மா. வயசானவர்."

அன்று கீழே இறங்கி வரும்போது தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதன் பிறகு யாரும் புகார் சொல்லிக்கொண்டு படியிறங்கி வரவில்லை. மாடியில் நாள் முழுக்கத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. தட்டும், மெஷின் நிற்கும். தட்டும், நிற்கும். கேட்டுப் பழகிவிட்டது. தையல்காரி அவருக்கு 'டக்டக் சார்' என்று பெயரே வைத்துவிட்டாள்.

மழைக்காலத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். உறவுக்காரர்கள் வந்து சாமான்களை எடுத்துப் போனார்கள். வீட்டுக்காரம்மா சுவர்களுக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, கதவைப் பூட்டிச் சாவியைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

இன்று காலை தையல்காரி மறுபடியும் படியிறங்கி வந்தாள்.

"அக்கா, டக்டக் சார் இன்னும் நிறுத்தல."

* * *

தையல்காரியின் அறை முழுக்கப் பள்ளிச் சீருடைகள். கழுத்து வைக்காத சட்டைகள் கட்டில் மேல் குவிந்து கிடந்தன. வெளியே மேகம் கவிந்து, பகலிலேயே அறை மங்கியிருந்தது. அவள் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தாள்.

"என்ன இது?"

"ஊசி ஏறிடுச்சு. தட்டின வேகத்துல கை நகர்ந்துபோச்சு." பிறகு ஒரு சிரிப்பு, அழுகைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. "இருந்தப்பவாவது மத்தியானம் கொஞ்சம் தூங்குவார் அக்கா. இப்ப அதுவும் கிடையாது."

"மனசுல பழகின சத்தமா இருக்கும்மா. எனக்கும் சில நேரம்..."

"நீங்களே உக்காந்து கேளுங்க."

அவள் பெடலை மிதித்தாள். சக்கரம் சுற்றியது. ஊசி துணிக்குள் இறங்கி ஏறியது. வீட்டுக்காரம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டக். டக்.

மெஷின் நின்றது.

"நான் நிறுத்தல அக்கா," என்றாள் தையல்காரி, மெதுவாக. "கால் தானா நின்னுடுது."

* * *

பக்கத்துக் கதவின் பூட்டு லேசில் திறக்கவில்லை. உள்ளே பெயின்ட் வாசனை. அதற்கு அடியில், ஈரத் துணியால் மூடி வைத்ததுபோல, இன்னொரு வாசனை. முழங்காலுக்கு அவர் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

சுவரலமாரியின் கதவு திறந்து கிடந்தது. அதற்குள்ளும் ஒன்றுமில்லை. ஒளிந்துகொள்ள ஒரு மூலைகூட இல்லாத வெற்று அறை.

"தைக்க ஆரம்பிம்மா," என்று சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

மறுபக்கம் மெஷின் தயங்கித் தயங்கி ஓடத் தொடங்கியது.

சுவரில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில், புதுப் பூச்சு சின்னதாக உள்ளே அமுங்கியது. கைத்தடி முனையின் அளவுக்கு ஒரு வட்டம். டக். அதன் பக்கத்திலேயே இன்னொன்று. டக். பெயின்ட் உதிர்ந்து அவள் பாதத்தில் விழுந்தது.

அப்போதுதான் பார்த்தாள். அந்த இடம் முழுக்க அப்படிப்பட்ட வட்டங்கள்தான். வெள்ளைக்கு மேல் வெள்ளையாக இருந்ததால் கண்ணில் படவில்லை.

ஓடிவிடு என்றது உடம்பு. ஆனால் மனம் வேறு எதையோ பிடித்துக்கொண்டு நின்றது. இவர் எதையும் மீறவில்லை. நான் சொன்னபடிதான் செய்துகொண்டிருக்கிறார். சுவரைத் தட்டுங்க, போதும் என்று அனுமதி கொடுத்தவள் நான்தானே? எனக்கு அன்று வேண்டியிருந்தது நியாயமா, நிம்மதியா?

"பெரியவரே." சுவரைப் பார்த்தே பேசினாள். "நான் அன்னைக்குச் சொன்னது தப்பு. இனிமே தட்டக் கூடாது."

மெஷின் நின்றிருந்தது. தட்டலும் நின்றது.

தைலத்தின் வாசனை நெருங்கி வந்தது.

காதோரம் மூச்சுக் காற்று. ஈரமாக, சூடாக.

"அவளைக் காலி பண்ணச் சொல்லுங்க."

எப்படிப் படியிறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சாவிக்கொத்து கதவிலேயே தொங்கியது.

* * *

அண்ணனுக்குப் போன் செய்தாள். நடந்ததை முழுசாகச் சொல்ல முடியவில்லை. மாடியில் சத்தம், அந்தப் பெண் பயப்படுகிறாள் என்று மட்டும் சொன்னாள்.

"இதுக்கா இவ்வளவு யோசனை? அந்தப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்லிடும்மா. ஆளே இல்லைன்னா யார் யாரைத் தொந்தரவு பண்றது?"

"தப்பு பண்ணினது அவ இல்லையே அண்ணா."

"தப்பு யாருதுன்னு பார்க்க நீ என்ன ஜட்ஜா? போக முடிஞ்சவங்கதானே போகணும்."

போனை வைத்த பிறகும் அந்தக் கடைசி வாக்கியம் போகவில்லை. அண்ணனின் குரலிலும் மாடியில் கேட்ட குரலிலும் ஒரே கோரிக்கை. அதுதான் சுலபம் என்று தனக்குள்ளும் ஒரு குரல் சொன்னது. அது மற்ற இரண்டையும்விடப் பழக்கமான குரல்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குத் தையல்காரி இறங்கி வந்தாள். சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். உட்காரவில்லை.

"உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது அக்கா. நீங்களும் கேட்டுட்டீங்க." சேலை நுனியை விரலில் சுற்றினாள். "நான் போயிடட்டுமா? புகுந்த வீட்டை விட்டு வந்தப்பவும் இப்படித்தான் ஒருத்தருக்கு என் சத்தம் பிடிக்கல. எங்க போவேன்னு தெரியல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா மூட்டையைக் கட்டிடறேன்."

அந்த ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது.

"சட்டை எல்லாம் எப்பக் கொடுக்கணும்?"

"திங்கக்கிழமை."

"போய்த் தை."

"அவர் தட்டுவாரே."

"நீ நிறுத்தாதே. அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

எதைப் பேசுவாள், எப்படிப் பேசுவாள் என்று இருவருக்கும் தெரியவில்லை. தையல்காரி படியேறினாள்.

மேலே பெடல் அசைந்தது. வீட்டுக்காரம்மா கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தபடி காத்திருந்தாள். இதோ தட்டும். இதோ.

தட்டவில்லை.

மெஷின் ஓடியது. நூல் மாற்றச் சற்று நின்று, மறுபடி ஓடியது. இந்த வீட்டில் அது இத்தனை நேரம் தடையில்லாமல் ஓடி அவள் கேட்டதே இல்லை. மழை மாதிரி இருந்தது. தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடினாள்.

தைலத்தின் வாசனை.

அவள் அசையவில்லை. கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அறை கிடையாது. வெறும் தெருதான்.

டக். டக்.

தலையணையில் சுண்ணாம்புத் துகள் உதிர்ந்தது. ஈரமான மூச்சு காதைத் தொட்டது. இனி ஒவ்வொரு நாளும் இப்படித்தான் என்று அவளுக்குப் புரிந்தது. ஓடிப்போக அவளுக்கும் வேறு வீடு இல்லை. வீட்டுக்காரியே புகார் சொல்ல யாரிடம் போவாள்?

"அவளைக் காலி பண்ணச் சொல்லுங்க."

மேலே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"மாட்டேன்," என்றாள், மாடிக்குக் கேட்டுவிடாத குரலில்.