டிக்கி விளக்கு

மாப்பிள்ளை வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தியபோது வெயில் தாழ்ந்திருந்தது. முன் சீட்டில் எலக்ட்ரீஷியனின் தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை; முகத்தில் அந்தப் பூரிப்பு இன்னும் இருந்தது.

"தினமும் காலையில பேட்டரி செத்துக் கிடக்குது மச்சான்."

"உங்க சோம்பல் அதுக்கும் ஒட்டிக்கிச்சா மாப்பிள்ளை?" என்று சிரித்தான் எலக்ட்ரீஷியன்.

மீட்டரை மாட்டி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தான். டிக்கி விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கியதும் மீட்டர் முள் இறங்கியது. அப்படியென்றால் டிக்கியை மூடிய பிறகும் உள்ளே விளக்கு எரிகிறது. மூடிய டிக்கிக்குள் எட்டிப் பார்க்கவா முடியும்? செல்போனில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்து மூடுவதுதான் அவன் வழக்கம். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் பார்த்தான்.

மூடியதும் விளக்கு ஒழுங்காக அணைந்தது.

இருட்டில் எதுவோ பிராண்டியது.

விளக்கு எரிந்தது. மூடி வந்து அமுக்கினால் விளக்கை அணைக்கும் சுவிட்சின் நாக்கை ஒரு விரல் விலக்கிப் பிடித்திருந்தது.

நகமில்லாத விரல்.

அவன் தோளுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் மூச்சு சுட்டது.

"பல்பைப் பிடுங்கிடுங்க மச்சான். அவளுக்கு எப்பவுமே இருட்டுன்னா பயம்."

மாப்பிள்ளையின் முதல் பெண்டாட்டி யாரோடோ ஓடிப்போய்விட்டதாகத்தான் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள்.

"பாப்பா, இன்னைக்கு இங்கயே தங்கிக்கயேன்" என்றான் தங்கச்சியிடம்.

"போண்ணா, வீட்ல வேலை தலைக்கு மேல கிடக்கு."

மாப்பிள்ளை புன்னகையோடு காத்து நின்றான். வாயைத் திறந்தால் தங்கச்சியின் வாழ்க்கை சந்தி சிரிக்கும் என்று எலக்ட்ரீஷியன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். கோழை. பல்பைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவளுக்குக் கையாட்டி அனுப்பி வைத்தான்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை தனியாக வந்தான்.

"உங்க தங்கச்சியும் சொல்லாம கொள்ளாம ஓடிட்டா மச்சான்." குரலில் கொஞ்சமும் வருத்தமில்லை. "பேட்டரி வேற மறுபடியும் இறங்குது."

எலக்ட்ரீஷியன் போனை டிக்கிக்குள் வைத்து மூடினான். எடுத்துப் பார்த்தான்.

பல்பு இல்லாத இடத்திலிருந்து வெளிச்சம் வந்தது.

சுவிட்சை இப்போது இரண்டு பேரின் கைகள் பிடித்திருந்தன. ஒன்றில், கல்யாணத்தன்று அவன் போட்டுவிட்ட மோதிரம்.

"ஏண்ணா பல்பைப் பிடுங்கின?"