மாற்று ஆள்

வெளியே பதினொன்றரை மணி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் தரைக்குக் கீழே இருந்த அந்த சர்வர் அறைக்குப் பகலும் தெரியாது, இரவும் தெரியாது. மருத்துவமனையின் மூளையையே கொண்டுபோய், அழுக்குத் துணி மூட்டைகள் போடும் அறைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவானின் யோசனையோ!

ரத்த வங்கி அக்கா கதவைத் திறந்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டாள்.

"பழைய மெஷின் இன்னிக்குக் காலையில மண்டையைப் போட்டுடுச்சு. நேத்துப் பிரிச்ச புதுசுல இன்னும் எதுவுமே ஏத்தல. உன்னால முடியுமாம்மா?"

"நான் பாக்குற வேலையே இதுதான்க்கா," என்று லேப்டாப் பையோடு உள்ளே நுழைந்தாள் அவள்.

மூன்றாவது மாடியில் அவளுடைய தங்கை கிடந்தாள். காலையில் லாரி இடித்துவிட்டது. லேசில் கிடைக்காத ரத்த வகை. அம்மாவுடையதும் பொருந்தவில்லை, அவளுடையதும் பொருந்தவில்லை. பொருந்தக்கூடிய நாலைந்து பேரின் போன் நம்பர்கள் ஒரு பழைய ஹார்டு டிஸ்கில் பூட்டிக் கிடந்தன. அந்தப் பூட்டைத் திறக்க ஒரு மென்பொருள் தளத்தைப் புது சர்வரில் நிறுவ வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளும்படி திறந்துவிட்ட ஓப்பன் சோர்ஸ் தளம்தான். இருபது முறையாவது நிறுவியிருப்பாள். கண்ணைக் கட்டி உட்கார வைத்தாலும் அரை மணி நேரத்தில் முடித்துவிடுவாள். டாக்டர் ஒரு மணி நேரம் கெடு கொடுத்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி யாருக்கா பாத்துக்கிட்டாங்க?"

"ஆணி அண்ணன். உக்காந்தா ஆணி அடிச்ச மாதிரி உக்காந்துடுவாரு. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நோட்டுல கையெழுத்துப் போடாம எழுந்திரிக்கவே மாட்டாரு. போன மாசம் ஒரு லீவு நாள்ல மாத்த வேண்டியவன் வரல. மூணாம் நாள் நாங்க வந்து பாத்தா, நாற்காலியிலயே..."

அக்கா விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டாள்.

அறை சில்லென்று இருந்தது. சூடான தூசியின் வாடையும் மின்விசிறிகளின் இரைச்சலும் நிறைந்திருந்தன. அலமாரிகளின் கோடியில் ஒரு மேஜை. அதன் மேல் கீபோர்டு, அணைந்த திரை. பக்கத்துச் சுவரில் ஆணியில் தொங்கும் ஷிப்ட் நோட்டு. எதிரே காலி நாற்காலி. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. கதவருகே தரையில் சம்மணம் போட்டு, தன் லேப்டாப்பை சர்வரோடு இணைத்தாள்.

கட்டளையை அடித்தாள். பாதி ஓடி நின்றது.

'இந்த இயந்திரத்தில் வேறொருவர் நிறுவிக்கொண்டிருக்கிறார். காத்திருக்கவும்.'

நேற்று அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த இயந்திரத்தில் வேறொருவரா? தன் கட்டளைதான் எங்கோ சிக்கிக்கொண்டது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

'காத்திருக்கவும்.'

இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. இருபது நிமிடம் போயிருந்தது. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று சர்வரிடமே கேட்டாள். இரண்டு பேர் என்றது. ஒருவர் அவள். இன்னொருவர், இதே அறையின் கீபோர்டிலிருந்து.

தலையைத் திருப்பினாள்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் அதன் மெத்தை அமுங்கியிருந்தது.

டக். டக். மேஜையிலிருந்து கீபோர்டு தட்டும் சத்தம்.

அவளுக்கு ஓடிவிடத் தோன்றியது. அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வந்தது. "சீக்கிரம்டி... உதடெல்லாம் வெளுத்துப்போச்சுடி..." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவள் ஓடவில்லை. சர்வரில் ஓடுவதை நிறுத்துவதற்கு முன்னால் உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு வரி எழுதிச் சொல்வது இந்தத் தொழிலில் மரியாதை. அவசரத்தில் அவள் அதைச் செய்யவில்லை. இப்போது எழுதினாள்.

'அண்ணே, என் தங்கச்சி மேல உயிருக்குப் போராடுறா. வழி விடுங்க.'

தட்டும் சத்தம் நின்றது. பிறகு மெதுவாக ஒவ்வொரு எழுத்தாக வந்தது பதில்.

'மாற்று ஆள் வரல.'

அவள் எழுந்தாள். அலமாரிகளைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். நோட்டைத் திறந்தாள். கடைசி வரியில் 'பொறுப்பேற்றவர்' என்ற கட்டம் காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

"நான் பாத்துக்கிறேன்ணே," என்று கிசுகிசுத்தாள்.

நாற்காலியின் மெத்தை உஸ்ஸென்று மேலெழுந்தது.

அவள் அதில் உட்கார்ந்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. திரை தானாக ஒளிர்ந்தது, நிறுவல் மளமளவென்று ஓடியது. பத்தே நிமிடத்தில் தளம் எழுந்தது, பட்டியல் திறந்தது. ஐந்து நம்பர்களை ரத்த வங்கி அக்காவுக்குப் போனில் படித்துச் சொன்னாள். மூன்று பேர் உடனே வருகிறேன் என்றார்கள்.

அதற்குப் பிறகு அவளால் ஒரு நொடி உட்கார முடியவில்லை. மாற்று ஆளாவது மண்ணாவது! எழுந்தாள், படிகளில் பறந்தாள்.

மாலைக்குள் தங்கையின் உதட்டில் நிறம் திரும்பிவிட்டது. "பொழச்சுக்கிட்டா," என்றார் டாக்டர். அம்மா பெரியவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளும் அழுதாள். பிறகு கட்டிலோரம் நின்று, தூங்கும் தங்கையின் நெற்றியில் கை வைத்தாள். இதைவிட வேறென்ன வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

சுவரில் இருந்த இன்டர்காம் அடித்தது. அம்மா எடுத்தாள்.

"யாரு? ...எங்கேருந்து பேசுற?"

அறை அமைதியாக இருந்ததால் ரிசீவரில் வந்த குரல் கட்டில்வரை கேட்டது. இழுத்து இழுத்துப் பேசிய அந்தக் குரல் பெரியவளுடையதேதான்.

"நான்தாம்மா... கீழ சர்வர் ரூம்ல. எழுந்திரிக்க முடியலம்மா. பாப்பா எப்படிம்மா இருக்கா?"

"அம்மா, நான் இங்க இருக்கேன்மா," என்றாள் அவள்.

அம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவள் பாதங்கள் தரையில் படவில்லை. ரிசீவரைத் தொங்க விட்டுவிட்டு வந்து, சின்னவளின் நெற்றியிலிருந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கட்டிலுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"எம் பொண்ணத் தொடாத," என்றாள் அம்மா.