வேட்டிப் பாறையில் டெலிபோன்

குருவிக்கானலுக்கு டெலிபோன் வந்தது என்னால்தான். 'இந்தச் சகாயராணி ரொம்பத்தான் பெருமையடிக்கிறாள்' என்பீர்கள். அடிக்கத்தான் செய்வேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

1986ஆம் வருஷம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரில் மொத்தமே நாற்பது வீடு. ரோடு எதிர்மலையில் போகிறது. நடுவில் பெரிய பள்ளம். இறங்கி ஏறிப் போக நாலு மணி நேரமாகும்.

முந்தின வருஷம் என் தம்பி செபாஸ்டினுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தது. அப்பா டாக்டரைத் தேடி அவ்வளவு தூரமும் ஓடினார். அவர் வரும்வரை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவும் நானும் அழுதுகொண்டே இருந்தோம். நல்லவேளை, தம்பி பிழைத்துக்கொண்டான்.

அதனால், டெலிபோன் வருகிறது என்றதும் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் வேறு எந்த வீட்டிலும் இல்லை.

இன்ஜினீயர் பரமானந்தம் சார் இரண்டு குதிரைகளில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்.

"இது புது மாதிரி போன். கம்பியே கிடையாது. எதிர்மலை டவர்ல இருந்து பேச்சு காத்துலயே வந்துரும்" என்றார்.

"காத்துலயா? வழியில பள்ளத்துல விழுந்துராதுங்களா?" என்று கேட்டார் ஊர்த் தலைவர் நாச்சிமுத்து. சார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

தலைவர் வீட்டு வாசலில் கம்பம் நட்டார்கள். தலைவர் அதற்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, எலுமிச்சம்பழமும் கட்டிவிட்டார். சார் பெட்டியிலிருந்த குமிழைத் திருகினார். சிக்னல் காட்டும் முள் அசையவே இல்லை. கம்பத்தை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஊஹூம்!

"இங்க சரிவராது. நடுவுல மேடு மறைக்குது. டவருக்கு நேரா இருக்கற இடம் வேணும். ஆனா இந்தப் பனியில எதுவுமே தெரியலையே!"

உண்மைதான். அன்றைக்குப் பனி அப்படி மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை.

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க சார். பூசையெல்லாம் போட்டாச்சு" என்றார் தலைவர்.

"பூசை போட்டா முள்ளு ஏறுமா? சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா பெட்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோயிருவேன். அங்கயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க."

அப்பா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"சார், அந்த டவர் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ரோட்டோரம் லாரி நிக்கிற டீக்கடை இருக்குல்ல பாப்பா? அதுக்கு நேர் மேல."

"அட! அப்ப வேட்டிப் பாறைக்கு வாங்க சார்!"

"அது என்ன பாறை?"

அதை நான்தான் விளக்கினேன். எங்கள் ஊர்ப் பூண்டு மூட்டைகள் குதிரையில் கிளம்பியதும், அந்தப் பாறையில் இருக்கும் குழியில் கம்பு நட்டு, வெள்ளை வேட்டி கட்டுவோம். எதிர்மலை டீக்கடையில் லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டுக் காத்திருப்பார். பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு முறை லைட் அடிப்பார். வேட்டி கட்டுவது, லைட் வரும்வரை உட்கார்ந்திருப்பது, இரண்டும் என் சோலி.

"அங்க பூண்டுக் கொட்டகைதானே இருக்கு? கவர்மெண்டு போனைக் கொட்டகையிலயா வைப்பாங்க?" என்று தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"வெரசா வாங்க சார், இருட்டிரும்" என்று நான் முன்னால் ஓடினேன்.

பாறையில் ஏறினால் அங்கேயும் ஒரே வெள்ளை. சார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"எங்கம்மா டீக்கடை?"

வேட்டி கட்டும் குழிக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். கண்ணை மூடி, லாரி லைட் வரும் பக்கத்தை நினைத்துக்கொண்டு கையை நீட்டினேன்.

"இங்க."

"பனிக்குள்ள விரலை நீட்டுது புள்ள. இதெல்லாம் நடக்கிற காரியமா?" என்று தலைவர் முணுமுணுத்தார். அவர் சொன்னதும் எனக்கே பயம் வந்துவிட்டது. கொஞ்சம் தப்பாகக் காட்டியிருந்தால்? ஆனாலும் கையைக் கீழே இறக்கவில்லை.

அந்தக் குழியிலேயே கம்பத்தை நட்டு, என் விரல் காட்டிய பக்கம் திருப்பினார்கள்.

முள் துள்ளி ஏறியது!

"அடி சக்கை!" என்று கத்தியது யார் தெரியுமா? சாட்சாத் இன்ஜினீயர் சார்தான்.

கொட்டகையில், பூண்டு மூட்டைமேல் டெலிபோனை வைத்தார்கள். முதலில் பேசத் தலைவரைக் கூப்பிட்டார்கள். ரிசீவரைக் காதில் வைத்ததும் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "நீயே பேசு தாயி" என்று என்னிடம் நீட்டிவிட்டார்.

"எந்த ஊர்?" என்று எக்ஸ்சேஞ்சில் ஒரு அக்கா கேட்டார்.

"குருவிக்கானல்!"

"குருவிக்கானலா? அங்க போனே கிடையாதே!"

"இப்ப இருக்குக்கா. அதுலதான் பேசுறேன்! ஆஸ்பத்திரிக்குக் குடுங்க."

நர்ஸம்மா பதறிப்போய், "யாருக்கு என்ன?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. எல்லாரும் நல்லா இருக்கோம். ஏதாவதுன்னா கூப்பிடுவோம்னு சொல்லி வைக்கத்தான்."

அவர் சிரித்தார். "எப்ப வேணாலும் கூப்பிடு கண்ணு."

ரிசீவரை அப்பாவிடம் கொடுத்தேன். அவரும் அந்தச் சிரிப்பைக் கேட்டார். நாலு மணி நேரம் ஓடிய என் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கொட்டகையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "எம் மகதான் இடம் காட்டுனா" என்று சொன்னார். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனாலும் ஒருவர் விடாமல் சொன்னார்.