பின் கழுத்தில் ஈரம்

வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டும்போது மணி இரண்டரை இருக்கும். எண்பத்தெட்டாம் வருஷத்துப் பங்குனி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை. ஐயாதுரையின் ராஜ்தூத் மோட்டார்சைக்கிள் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

மூன்று நாளாக அவன் அந்த வண்டிமேலேயே கிடந்தான். ராஜபாளையத்தில் கிளம்பி மதுரை, திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர், திரும்பவும் மதுரை, இப்போது வீட்டுக்கு. பின்னால் கட்டியிருந்த தகரப்பெட்டியில் பேண்டேஜ் துணி, புண்மேல் வைக்கிற காஸ் துணி, பஞ்சு, சர்ஜிக்கல் ஸ்பிரிட் என்று எல்லாம் மருந்துக்கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் காட்டுகிற சாம்பிள். பஸ்ஸில் போகலாமே என்று முதலாளி சுயம்புலிங்கத்திடம் கேட்டால் போச்சு. பஸ்ஸில் போனால் ஒரு நாளைக்கு நாலு கடை, வண்டியில் போனால் பதினாலு கடை என்று விரல் விட்டுச் சொல்வார். அந்தப் பதினாலு கடைக்கு நடுவே ஓட்டுகிறவன் எங்கே தூங்குவான் என்பதற்கு அவர் கையில் விரல் கிடையாது.

தூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரிந்தது.

தூரத்து வண்டி ஓட்டுகிறவனுக்கு மோசமான இடம் அதுதான். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்த உடம்பு, கோபுரத்தைக் கண்டதும் வீடு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ராஜபாளையத்துக்கு இன்னும் பத்து மைல் இருக்கிறது என்று அதற்கு யார் எடுத்துச் சொல்வது? தோள் இறங்கும். கை தளரும். கண் திறந்திருக்கும், ஆனால் பார்க்காது. ஐயாதுரைக்கும் ரோடு தெரிந்துகொண்டேதான் இருந்தது. நேராக, நிழலாக, குளுகுளுவென்று ஒரு ரோடு. அப்படி ஒரு ரோடு அந்தப் பக்கத்தில் கிடையவே கிடையாது.

பின் கழுத்தில் யாரோ ஈரத்துணியை வைத்து அழுத்தித் துடைத்தார்கள்.

சில்லென்றிருந்தது. உச்சந்தலைவரை ஏறியது.

"ஏலே, தூங்கிராத."

காதோரம் கேட்டது. ஐயாதுரை பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் இழுபட்டு, ஒரு புளியமரத்துக்கு முழம் தள்ளி நின்றது.

பின்சீட்டில் யாரும் இல்லை.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனான். ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. இறங்கிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். பாட்டில்கள் அரக்குக்கூட உடையாமல் வரிசையாக இருந்தன.

அதற்குப் பிறகுதான் மரத்தைப் பார்த்தான். இடுப்பு உயரத்தில் பட்டை பெயர்ந்த இடம் இன்னும் மூடியிருக்கவில்லை. போன பங்குனியில் இதே மரத்தில்தான், இதே வண்டியில், எலியேசர் மோதிச் செத்தான்.

எலியேசர் அந்தக் கம்பெனிக்கு ஒன்பது வருஷம் வண்டி ஓட்டினவன். ஐயாதுரை அப்போது பேக்கிங்கில் இருந்தான். ரெண்டு பேரும் ஒரே வயது, ஒரே கிளாஸில் டீ குடித்தவர்கள். எலியேசருக்குக் குடி கிடையாது, வெற்றிலைகூடக் கிடையாது. தூக்கம் ஒன்றுதான் அவனுக்கு எதிரி. ஐம்பது மைலுக்கு ஒருதரம் இறங்கி நடப்பான், தண்ணியை வாரி முகத்தில் அடிப்பான், வாய்விட்டுப் பாட்டுப் பாடுவான். அப்படியும் கண் சொருகுது என்று ஒருநாள் சொன்னபோது, ஐயாதுரைதான் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தான். நைட் ஷிப்டில் பேக்கிங்காரர்கள் செய்வது. காஸ் துணியை நாலாக மடித்து, ஸ்பிரிட்டில் நனைத்து, பின் கழுத்தைத் துடைக்கவேண்டும். அரை மணி நேரம் தாங்கும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் எலியேசர் கிளம்பும்போது ஒரு சின்ன பாட்டிலையும் துணியையும் தன் கையாலேயே கட்டிக்கொடுத்தான். கடைசித் தடவையும் கட்டிக்கொடுத்தான்.

அந்தத் தடவை எலியேசர் மூன்று ராத்திரி படுக்கவில்லை. திருச்சியிலிருந்து போன் பண்ணி, முடியவில்லை, ஒரு நாள் தங்கிவிட்டு வருகிறேன் என்றிருக்கிறான். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வண்டி இங்க நிக்கணும்" என்று போனை வைத்தார் முதலாளி. பேக்கிங் ரூமுக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் ஐயாதுரையை ரூமுக்குள் கூப்பிட்டார்.

"ஆளு போயிட்டான். கம்பெனி ஓய்வு குடுக்காம ஓட்டவிட்டுச்சுன்னு கேஸ் ஆச்சுன்னா கம்பெனியும் போயிரும். நீ போய் ஒடம்பப் பாத்தேல்ல. வாடை அடிச்சுதா இல்லையா?"

"அடிச்சுது மொதலாளி. ஆனா அது வந்து..."

"அடிச்சுதுல்ல? அத மட்டும் எழுதிக் குடு. அடுத்தால வண்டிக்கு ஆளு வேணும். ஒன்னத்தான் நெனச்சிருக்கேன்."

சாராய வாடை அடித்தது என்று எழுதி, கையெழுத்தும் போட்டான். தன் கையால் கட்டிக்கொடுத்த பாட்டிலின் வாடை அது என்று தெரிந்தே போட்டான். எந்த வாயால் சோறு தின்றானோ! கேஸ் முடிந்தது. வளைந்த ஹேண்டிலை நிமிர்த்தி, பெயின்ட் அடித்து, பதினைந்தாம் நாள் அதே வண்டியை அவனிடம் கொடுத்தார்கள். அதில் ஏறி ஊர் முழுக்கச் சுற்றி மினுக்கினான்.

இப்போது புளியமரத்தடியில் நிற்கும்போது, எலியேசர் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தான். சட்டையைக் கழற்றாமலே பாயில் விழுந்தான். கண் மூடியது.

கழுத்தில் ஈரம்.

துள்ளி எழுந்தான். திரும்பப் படுத்தான். இமை ஒட்டுகிற நேரம் பார்த்து, இடமிருந்து வலமாக, நிதானமாக ஒரு துடைப்பு. அவசரமே இல்லாத கை.

"ஏலே, தூங்கிராத."

சாயங்காலம் மனைவி சண்முகத்தாய் உள்ளே வந்தபோது, அவன் சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்திருந்தான். தலையணை நனைந்திருந்தது. அவள் குனிந்து மோந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"குடிச்சிட்டா வந்திருக்கிய?"

"ஏட்டி, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? நான் என்னைக்குக் குடிச்சேன்?"

"வாடை அடிக்கே."

"அது குடிச்ச வாடை இல்ல."

"எலியேசரு பொண்டாட்டியும் இப்படி நம்பிக்கிட்டுத்தான இருந்திருப்பா, பாவம்."

ஐயாதுரைக்குச் சுரீரென்றது. கையை ஓங்கிவிட்டான். ஓங்கின கை அந்தரத்தில் நின்றது. யாரை அடிப்பது? அவன் எழுதிக்கொடுத்ததைத்தானே அவள் திரும்பச் சொல்கிறாள்.

நாலு நாள் அப்படிப் போனது. பாயில், திண்ணையில், பஸ் ஸ்டாப்பில் சாய்ந்து நின்றபோது, தலைவலிக்குக் கண்ணை மூடினபோது, எங்கே கண் மூடினாலும் அந்தக் கை வந்தது. சுவரில் சாய்ந்தால் சுவருக்கும் கழுத்துக்கும் நடுவே வந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டால் துண்டுக்குள் வந்தது. பேக்கிங் ரூமில் மாரிச்சாமி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அண்ணாச்சி, காலங்காத்தாலயேவா?" என்று கேட்டுச் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். கண் ரெண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, கால் தள்ளாடி நடக்கிறவனைப் பார்த்து வேறு என்ன சொல்வார்கள்?

ஐந்தாம் நாள் முதலாளி ரூமுக்குள் போனான்.

"மொதலாளி, அன்னைக்கி எழுதிக் குடுத்தத மாத்தி எழுதணும். அவன் குடிக்கல. தூக்கமில்லாமச் செத்தான். நம்மதான் கொன்னோம்."

சுயம்புலிங்கம் சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ இப்பக் குடிச்சிருக்க. போய்த் தண்ணிய ஊத்து. திங்கக்கெழம நாகர்கோயில் போகணும்."

அந்த நிமிஷம் ஐயாதுரைக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் மேல், தன் மேல், அந்த நாற்காலி மேல், ஜன்னலுக்கு வெளியே பளபளவென்று நின்ற அந்தப் பாழாய்ப்போன வண்டி மேல். வெளியே வந்தான். வண்டியைத் தொடவில்லை. டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினான். உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே போனான்.

எலியேசரின் மனைவி அன்னாள் வாசலில் பேண்டேஜ் சுருட்டிக்கொண்டிருந்தாள். வேறொரு கம்பெனி வேலை. அவனைப் பார்த்ததும் கை நின்றது. அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாட்டில் கட்டிக்கொடுத்தது, போனில் முதலாளி சொன்னது, கையெழுத்து, கழுத்தில் வருகிற கை. எதையும் மறைக்கவில்லை.

அன்னாள் அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை.

"ஒறக்கம் வரலன்னுதான வந்திருக்கிய?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒறக்கம் வந்திருந்தா வந்திருக்க மாட்டிய. ஒங்கள அண்ணேன்னு கூப்பிட்டேன். அவிய சட்டைய நான்தான் தொவச்சேன். அது என்ன வாடைன்னு எனக்குத் தெரியாதா? எம்புட்டுப் பேர்ட்ட சொன்னேன், ஒருத்தரும் நம்பல. கூட வேல பாத்தவனே எழுதிக் குடுத்துட்டான்னு சொல்லிட்டாக. பெட்டிக்கிட்ட நின்னு மூக்கப் பொத்திக்கிட்டாக, அண்ணே. எம் புருஷன் பெட்டிக்கிட்ட நின்னு."

"நான் என்ன செய்யணும், சொல்லு தங்கச்சி."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? மூக்கப் பொத்துனவங்ககிட்டச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம எல்லாரும் சர்ச்லதான் இருப்பாக."

இன்னும் ரெண்டு நாள் இருந்தது. அந்த ரெண்டு நாளை அவன் எப்படிக் கடத்தினான் என்று யாருக்கும் தெரியாது. ரோட்டில் நடந்துகொண்டே இருந்தான் என்று சொல்கிறார்கள். சனிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே வந்தபோது, சர்ச் படிக்கட்டில் ஐயாதுரை நின்றான். தாடியும் கசங்கின சட்டையுமாக, சுற்றிலும் அந்த வாடையோடு. முன்னால் வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"பொத்தாதிய!" என்று கத்தினான். "நல்லா மோந்து பாருங்க! எலியேசர் மேல அடிச்சதும் இதான். புண்ணத் தொடைக்கிற ஸ்பிரிட்டு. நான் கட்டிக் குடுத்தது. அவன் ஒரு சொட்டுக் குடிக்கல. மூணு நாள் ஒறங்கவிடாம ஓட்டச்சொன்னது சுயம்புலிங்கம். குடிச்சான்னு பொய் எழுதினது நான். நான்தான்!"

ஒவ்வொரு கையாக மூக்கிலிருந்து இறங்கியது. கூட்டத்தின் பின்னால் அன்னாள் நின்றாள். அப்போதுதான் முதல்முறையாக முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஐயாதுரை அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தான். கண் தானாக மூடியது. வரப்போகிற ஈரத்துக்காகக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தான்.

வரவில்லை.

அந்தி சாயும்வரை அங்கேயே கிடந்து தூங்கினான். எழுந்து கழுத்தைத் தடவினால், வெயிலில் காய்ந்த தோல் மட்டும்தான் இருந்தது.

திங்கட்கிழமை மத்தியானம் வண்டிச் சாவியைக் கொடுக்கக் கம்பெனிக்குப் போனான். முதலாளி சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பின் அவருக்கு அரை மணி நேரத் தூக்கம் உண்டு. அந்த நேரம் துணி நெய்கிற தறிகூடச் சத்தம் போடாமல் ஓடவேண்டும் என்று எதிர்பார்க்கிற மனுஷன்.

"சர்ச்ல போய்க் கத்துனியாமே" என்றார் அரைக்கண்ணால் பார்த்து. "ஒரு தாளு எழுதிக் குடுத்தாச் சுயம்புலிங்கம் சாஞ்சிருவானா? போலே, ஒன்ன மாதிரி நூறு ஆளு வண்டிக்கு நிக்கான். சாவிய வச்சிட்டுப் போ. செத்த நேரம் கண்ண மூடவிடு."

கண்ணை மூடினார். குறட்டை மெல்ல ஏறியது.

சாவியை மேசைமேல் வைக்கப்போன ஐயாதுரையின் கை அப்படியே நின்றது.

அவர் பிடரியில் இருந்த நரைமுடி, இடமிருந்து வலமாக, தானாகப் படிந்தது. நனைந்து படிந்தது. ஒரு சொட்டு கழுத்தில் வழிந்து, கஞ்சி போட்ட வெள்ளைக் காலருக்குள் இறங்கியது.

"எவம்லே அது!"

சுயம்புலிங்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். பின்னால் சுவர்தான் இருந்தது. கழுத்தைத் தொட்டார். விரலைப் பார்த்தார். ரூம் முழுக்க அந்த வாடை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஐயாதுரை... யார்லே பேசுனது?"

ஐயாதுரைக்கு எதுவும் கேட்கவில்லை. இந்தத் தடவை அவனிடம் சொல்லப்படவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டு வாசல்வரை போனவன், திரும்பி நின்றான்.

"தூங்கிராதிய மொதலாளி" என்றான்.

படி இறங்கி, நிறுத்தியிருந்த ராஜ்தூத்தைக் கடந்து நடந்தான். வண்டி உச்சிவெயிலில் கொதித்துக்கொண்டிருந்தது. பின்சீட்டில் மட்டும், ஒரு ஆள் உட்கார்ந்து இப்போதுதான் எழுந்துபோன அளவுக்கு, ஈரம் இருந்தது.