ஓடாத நாலு பிஸ்டன்

ஒரு தடவைகூட எஞ்சினுக்குள் போகாத பிஸ்டன் சூடாக இருக்கக் கூடாது. பதினாறு வருஷம் எஸ்டேட் கார் ஓட்டிய ஆசீர்வாதத்துக்கு இது தெரியும். மெழுகுத்தாளைப் பிரித்து உள்ளங்கையை வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். ஈரக் கம்பளியும் தைலமும் விறகுப்புகையும் கலந்து நாறும் அந்த எஸ்டேட் லயத்து வீட்டில், மூன்று நாளாகச் சூரியனைக் காணாத மாட்டுப்பட்டி மலைக் குளிரில், நாலும் இப்போதுதான் கோழி இட்ட முட்டை மாதிரி கதகதவென்று கிடந்தன.

பயப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். அவனுக்கு இல்லை. மூடிக் கட்டிவிட்டான்.

துரை தன் காரின் வேகத்தைக் கூட்டச் சீமையிலிருந்து தருவித்த சாமான் அது. பூட்டுவதற்குள் ஊரிலிருந்து தந்தி வந்து, பெட்டியை டிரைவருக்கே கொடுத்துவிட்டுக் கப்பலேறிவிட்டார். மழை படாமலிருக்க ஆசீர்வாதம் அதைத் தன் மனைவி கத்தரீனாளின் கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தான். மேலே அவள் இரவும் பகலும் மூச்சு இளைத்துக்கொண்டு கிடந்தாள். மலையை விட்டு இறக்கினால் பிழைப்பாள் என்றார் டாக்டர்.

பிஸ்டனை வாங்க வந்தவர் மலைக்குக் கீழே கோபாலபுரத்துத் தென்னந்தோப்புக்காரர் நல்லமுத்து. துரையுடையதைப் போன்ற தன் காரைத் தோப்பைவிட அதிகம் கொஞ்சுகிறவர். பிஸ்டனுக்குப் பதிலாகத் தோப்பு வீட்டில் இருவருக்கும் இடம், தானே வந்து காரில் கூட்டிப் போவதாகவும் பேச்சு.

ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "ஏப்பா, பழசத் தொடச்சுக் குடுக்கறயா? நல்லா ஓடிப் பழகுன சாமானாட்ட இருக்குது."

"மாதா சத்தியமா புதுசு மொதலாளி. கட்டிலுக்கடியிலதான் கெடந்துச்சு."

"அப்பக் கட்டலு ஓடியிருக்கும்." சிரித்துக்கொண்டே கொண்டுபோனார்.

அன்றைக்கே கத்தரீனாளின் இளைப்பு நின்றது. பேச்சும் நின்றது. கை சில்லென்றிருந்தது. மலைக் குளிர்தானே என்று இன்னொரு கம்பளியைப் போர்த்தினான். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினான். மார்பில் காதை வைத்துக் கேட்க மட்டும் அவன் போகவில்லை.

ஆறாம் நாள் மத்தியானம், கார் கண்ணுக்குத் தெரியுமுன்பே அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டாக" என்றாள்.

பின்சீட்டில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். உடம்பு சுட்டது. புது பிஸ்டன் போட்ட கார் உறுமிக்கொண்டு பனிமூட்டத்தைக் கிழித்தது. இறக்கம் வந்தது. நல்லமுத்து எஞ்சினை அணைத்தார்.

"எறக்கத்துல எதுக்குப் பெட்ரோல வீணாக்கோணும்?"

காற்று. சக்கரங்களின் சரசரப்பு. தோளில் அவள் தலை கனத்தது. மூக்கடியில் விரலை வைத்தான்.

ஒன்றுமில்லை.

"மொதலாளி, ஸ்டார்ட் பண்ணுங்க!"

"ஏப்பா, பயமா?"

"கும்பிடுதேன். பண்ணுங்க!"

கிளச்சை விட்டார். கார் குலுங்கிப் பிடித்தது.

அவள் மார்பு எழுந்தது. மூச்சு இல்லை அது. விலாவுக்குள் நாலு இடம், தனித்தனியாக. ஒன்று. மூன்று. நான்கு. இரண்டு. நாலு பிஸ்டனும் எஞ்சினில் முறைவைத்து அடிக்கும் வரிசை.

நல்லமுத்து குஷியாக மிதித்தார்.

வேகம் கூடியது. விலா துடித்தது. இமைக்காத கண். பாதி திறந்த வாயிலிருந்து நீலப் புகை, வெதுவெதுவென்று, அவன் கன்னத்தில்.