பூஜ்ஜியப் படி

அன்று காலையிலிருந்து, சுவர்த்திரைப் பழுது பார்க்கும் மரகதவல்லிக்கு வந்ததெல்லாம் சில்லறைப் புகார்கள். ஒரு வீட்டுச் சுவர்த்திரையில் மாமியாரின் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போயிற்று. உலாவியை மூடித் திறந்ததும் இரண்டும் சேர்ந்துகொண்டன. “இதுக்குத்தானா இவ்வளவு நேரம்?” என்று மருமகள் முகத்தைச் சுளித்தாள். இன்னொரு வீட்டில் துபாய்த் தம்பியின் பாதி முகம் பச்சையாகத் தெரிந்தது. கேஷில் தேங்கிய பழைய படங்களைத் துடைத்ததும் தம்பி சிவந்த மனிதராகிவிட்டார்.

படம் நின்று வட்டம் சுற்றுகிறது என்று இப்போது யாரும் புகார் கொடுப்பதில்லை. அந்தக் காலம் போய்விட்டது. முன்பெல்லாம் இணைப்பு இளைத்தால் படம் மங்கும். பிட்ரேட் என்னும் தர ஏணியில் படிப்படியாக இறங்கிக் கடைசியில் சதுரம் சதுரமாக உடையும். ‘தகவோடை’ என்ற புது முறை வந்த பிறகு எதுவும் உடைவதில்லை. விட்டுப்போன இடத்தை அதிலுள்ள ‘ஊகி’ என்ற நிரல் நிரப்பிவிடும். எதிரில் பேசுகிறவரின் முகத்தையும் குரலையும் பேச்சு வழக்கத்தையும் அது கரைத்துக் குடித்து வைத்திருக்கும். அங்கிருந்து முழுப்படமும் வர வேண்டியதில்லை. ஊகித்ததற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வந்தால் போதும். அந்த வித்தியாசம் வந்து ஒட்டும்போது படம் லேசாகத் துள்ளும். மரகதவல்லியின் பிழைப்பே அந்தத் துள்ளல்களை நம்பித்தான் ஓடியது.

உச்சி வெயிலில் யாரும் வெளியே வரக்கூடாத ஊரடங்குக்குச் சங்கு ஊதச் சற்று முன்பு அவள் தூத்துக்குடி மேட்டுக் குடியிருப்பின் கடைசி வீட்டுக்குள் நுழைந்தாள். பழைய கடற்கரைத் தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள். வீட்டுக்காரி ஜெனோவாவுக்கு முப்பது வயது இருக்கலாம். புருஷன் தொம்மை நடுக்கடலில், ஆழத்திலிருந்து கனிமம் அள்ளும் மேடையில் வேலை பார்க்கிறான்.

“வாங்கக்கா. நல்லவேள, சங்கு ஊதுறதுக்குள்ள வந்துட்டிய,” என்று ஜெனோவா ஜன்னல் தகடுகளை இழுத்து மூடி விளக்கைப் போட்டாள்.

சுவரில் தொம்மை இருந்தான். கன்னம் உப்பி, மழமழவென்று சவரம் செய்த முகம். “ஏட்டி, வந்தவங்களுக்கு மோரு குடுக்க மாட்டியா?” என்று சிரித்தான். “நல்லாப் பாத்துக் குடுங்கக்கா. நேத்தையில இருந்து இவ என்னையப் பேயப் பாக்குற மாதிரி பாக்கா.”

மரகதவல்லிக்கும் சிரிப்பு வந்தது. “என்னம்மா ஆச்சு?”

“நேத்து பேசிக்கிட்டே இருக்கும்போது ஒரு நொடி அவிய மொகமே மாறிப்போச்சுக்கா. தாடியும் கீடியுமா, கன்னம் ரெண்டும் ஒட்டி, கண்ணு உள்ள போயி... நான் ‘யேசுவே’ன்னு கத்துறதுக்குள்ள பழையபடி ஆயிட்டு. எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கிட்டு.”

“வேற யாரோட படமாவது கலந்திருக்கும். கேஷ் நிரம்பினா அப்படி வரும்.”

“அத எடுத்து விட்டுருங்கக்கா. அந்த மொகத்தப் பாக்கச் சகிக்கல.”

மரகதவல்லி வழக்கமான வேலைகளை வழக்கமான வரிசையில் செய்தாள். கேஷைத் துடைத்தாள். உலாவியின் துணை நிரல்களை ஒவ்வொன்றாக அணைத்தாள். வன்பொருள் முடுக்கத்தை நிறுத்திப் பார்த்தாள். தொம்மை எதற்கும் அசைந்து கொடுக்காமல், ஆடு குட்டி போட்ட கதையை ஜெனோவாவிடம் கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியாக, வாடிக்கையாளர்கள் யாரும் திறக்காத வல்லுநர் பலகையைத் திறந்தாள். அதில் ஏணி தெரிந்தது. ஏழு படிகள். இப்போது எந்தப் படியில் ஓடுகிறது என்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அந்த ஏழில் எதிலும் இல்லை. அவற்றுக்கும் கீழே, பூஜ்ஜியம் என்று எண்ணிட்ட ஒரு படியில் உட்கார்ந்திருந்தது.

அப்படி ஒரு படி இருப்பதே அவளுக்குத் தெரியாது. உள்ளே வரும் தரவு என்ற இடத்திலும் பூஜ்ஜியம். பலகைதான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தாள். சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று உண்டு. சுவருக்குள் போகும் இணைப்புக் கேபிளைத் திருகி வெளியே இழுத்தாள்.

கேபிள் அவள் கையில் இருந்தது. தொம்மை பேசிக்கொண்டிருந்தான்.

“...ரெண்டும் கெடாயாட்டி? ஒன்ன கோயிலுக்கு நேந்து விட்டுரு. நான் வந்ததும் ஊருக்கே அசனச் சோறு போட்டுருவோம்.”

மரகதவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இணைப்பு போனால் ஊகி ஒரு கணம், இரண்டு கணம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் அவள் படித்த படிப்பு. இவனோ மூச்சு வாங்காமல் அசனத்துக்கு எத்தனை படி அரிசி வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றாள் ஜெனோவா. அவள் கண் கேபிளிலேயே இருந்தது. “அது எந்த வயரு?”

மரகதவல்லி கேபிளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“அவிய வர்ற வயரா?”

“ஆமாம்மா.”

ஜெனோவா மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் தொம்மை, “என்னட்டி, கால் வலியா?” என்று கேட்டான்.

மரகதவல்லி கேபிளை மாட்டினாள். தர அமைப்பில் ‘தானியங்கி’ என்றிருந்ததை நீக்கிவிட்டு மூன்றாம் படியைத் தானே தேர்ந்தெடுத்தாள். உடனே தொம்மை மறைந்தான். கறுத்த சுவரில் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. முன்தேக்கம் நிரம்புகிறது, எங்கோ நடுக்கடலிலிருந்து உண்மையான படம் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கிறது. ஜெனோவா அந்த வட்டத்தை வாழ்க்கையில் பார்த்ததில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள்.

வட்டம் நின்றது. ஒரு குறுகலான இரும்பு அறை தெரிந்தது. கட்டிலில் ஒருவன் இவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. விட்டுவிட்டு இருமினான். இருமி முடித்துக் கையைத் துணியில் துடைத்தபோது துணி சிவந்தது. அவனுக்கு எதிரே பலகையில் ஒரு மெழுகுவர்த்தி எரிந்தது. மெழுகுவர்த்திக்குப் பின்னால் காகிதப்பூ மாலை போட்ட ஒரு போட்டோ.

போட்டோவில் இருந்தது ஜெனோவா.

அவள் கத்தவில்லை. அடிபட்ட மாதிரி ஒரு சத்தம் மட்டும் தொண்டையிலிருந்து வந்தது.

அவன் போட்டோவோடு பேசினான். இணைப்பு இழுத்து இழுத்துக் குரலைக் கொண்டுவந்தது. “வைத்தியப் படகு போன வாரமும் வந்துச்சுட்டி. ஏறச் சொன்னானுவ. ஏறல. எதுக்கு ஏறணும்? கரையில யாரு இருக்கா? புயல்ல நீ போனதச் சொல்லாம, இந்தச் சொவத்துல ஒரு பொம்மைய வச்சு ஏமாத்துதானுவ. ரத்தம் ரத்தமாக் கக்குதேன்னு சொன்னேன். அந்தப் பொம்ம சிரிக்கி. எனக்கு நாளாகாதுட்டின்னு சொன்னேன். ‘ஆடு சென பிடிச்சிருக்கு’ங்கா. நீயா இருந்தா அப்படிச் சொல்லுவியா?”

“நான் இருக்கேன்! இங்க பாருங்க, இங்கதான் இருக்கேன்! நீங்க சொன்னது எனக்குக் கேக்கவே இல்லங்க!” ஜெனோவா சுவரை இரண்டு கையாலும் அறைந்தாள். அவன் திரும்பவில்லை.

மரகதவல்லிக்கு எல்லாம் விளங்கியது. கடல் இணைப்பு மோசமாக ஆக ஆக, எவ்வளவு வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் விடலாம் என்ற அளவைத் தகவோடை தானே கூட்டிக்கொண்டே போயிருக்கிறது. முதலில் இருமலை விட்டது. பிறகு மெலிவை விட்டது. பிறகு சாகப்போகிறேன் என்று ஒருவன் சொன்னதையும் இரைச்சலோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. அங்கே அவன் சுவரிலும் இதே ஏணி, இதே பூஜ்ஜியப் படி. இவள் இங்கே தலையை முட்டிக்கொண்டு அழுதாலும், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜெனோவா சிரித்துக்கொண்டுதான் இருப்பாள். இங்கே தானியங்கியை எடுத்தது போதாது. அங்கே அவன் எடுக்க வேண்டும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

மேடை அலுவலகத்தைத் தன் கைத்திரையில் அழைத்தாள். அலுவலர் உடனே வந்தார். மூன்று வருடமாகப் பழகிய, பவ்யமான மனிதர். “உடனே ஆள் அனுப்பறோம், கவலைப்படாதீங்கம்மா,” என்றார். அவளுக்குச் சட்டென்று ஏதோ தோன்றக் கைத்திரையின் இணைப்பை அணைத்தாள். “கவலைப்படாதீங்கம்மா,” என்று அவர் இன்னும் இரண்டு தடவை சொன்னார். இணைப்பைப் போட்டுத் தானியங்கியை நீக்கிப் பார்த்தாள். காலி நாற்காலி. அதன்மேல் யாரோ மழைக்கோட்டை மடித்து வைத்திருந்தார்கள்.

“வைத்தியப் படகு வாரா வாரம் போறது, நாளைக்கு மறுபடி போகுதும்மா. அதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சாகணும்.”

“எப்படித் தெரியும்? சொல்லுங்கக்கா, எப்படித் தெரியும்?”

மரகதவல்லி முந்தைய நாளின் பதிவைத் தேடினாள். நேற்று அந்தத் தாடி முகம் வந்த கணத்தில் மேடையில் மின்சாரம் போய் வந்திருந்தது. காட்சி மொத்தமாக மாறினால் ஊகிக்கு வழியில்லை. அப்போது மட்டும் உண்மையான முழுப்படச் சட்டம் ஒன்றை அது வாங்கியே ஆக வேண்டும். ஒரே ஒரு சட்டம். குரல் வராது. ஒரு நிழற்படத்துக்கு மேல் எதுவும் போகாது.

“விளக்க அணைச்சுப் போட்டா நீ ஒரு நொடி அங்க தெரிவே. ஒரு நொடிதான். எழுதிக் காட்டு.”

ஜெனோவா கட்டில் விரிப்பை உருவினாள். கண்மையால் பெரிய எழுத்தில், ‘நான் சாகல’ என்று எழுதினாள். அதன் கீழே மரகதவல்லி, ‘தர அமைப்பில் தானியங்கியை எடுங்கள்’ என்று எழுதினாள். ஜெனோவா விரிப்பை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்க, மரகதவல்லி விளக்கை அணைத்துப் போட்டாள். அணைத்தாள், போட்டாள். மறுபடி மறுபடி.

இரும்பு அறையில் வெளிச்சம் விட்டுவிட்டுத் துடித்தது. தொம்மை திரும்பினான்.

நேற்று வந்த அதே முகம். அவன் எழுந்து, கட்டிலைப் பிடித்துப் பிடித்து, சுவருக்கு அருகே வந்தான். அவன் கண்கள் வரிகளின்மேல் ஓடின. உதடுகள் எழுத்துக் கூட்டின. கையைத் தூக்கி, ஜெனோவாவின் முகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தான். ஜெனோவா மூச்சுக்கூட விடவில்லை. கண்ணீர் மட்டும் தாடையில் வழிந்துகொண்டிருந்தது. “எடுத்துருங்க,” என்று முணுமுணுத்தாள். “என் ராசால்லா, எடுத்துருங்க.”

அவன் முகம் கோணியது.

“செத்தவள ஏன்டா இப்படி அழ வைக்கிய?” என்றான். “சிரிச்சவளயே தாங்க முடியல. அவள விட்டுருங்கடா.”

கட்டிலில் கிடந்த கம்பளியை உருவிச் சுவர்மேல் வீசினான். எல்லாம் இருண்டது. கம்பளிக்குப் பின்னாலிருந்து இருமல் மட்டும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. காட்சி கிடைக்கவில்லை, தானியங்கிக்குத் திரும்புகிறது என்று சுவரில் ஓர் அறிவிப்பு வந்தது.

உப்பிய கன்னத்தோடு தொம்மை வந்தான். ஜெனோவாவைப் பார்த்ததும் பதறினான். “ஏன்ட்டி இப்படி அழுத? யாரு என்ன சொன்னா? நான்தான் இருக்கேன்லா ஒனக்கு.”

அவ்வளவு ஆதரவான குரல். ஜெனோவாவின் கை தானாக அவன் கன்னத்தை நோக்கி உயர்ந்ததை மரகதவல்லி பார்த்தாள். பாதியில் அந்தக் கை நின்றது. நெருப்பைத் தொட்டவள்போல் இழுத்துக்கொண்டாள்.

“படகு எங்கேருந்துக்கா கெளம்பும்?”

“பழைய துறைமுகத்துல இருந்து, விடியக்காலம். ஆனா சொந்தக்காரங்கள ஏத்த மாட்டாங்களேம்மா.”

“ஏத்தாட்டா படகுக் கயித்தப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டுப் போவேன். தொட்டுப் பாத்தாவது நம்புவாவல்லா?”

ஜெனோவா விரிப்பைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். ஊரடங்கு வெயில் உள்ளே அடித்தது. தெருவில் காக்கை குருவிகூட இல்லை. அவள் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

சுவரில் தொம்மை, ஆளில்லாத அறையைப் பார்த்துப் பேச்சைத் தொடர்ந்தான். பதிலுக்கு இடம் விட்டான். கேட்பதுபோல் தலையைச் சாய்த்தான். “நீ சொன்னாச் சரிதான்ட்டி,” என்று சிரித்தான். பிறகு மரகதவல்லியின் பக்கம் கண்ணைத் திருப்பினான்.

“ரொம்ப நன்றிக்கா. இப்பத் துள்ளலே இல்ல.”

மரகதவல்லி அலறிவிட்டாள். பையையும் கருவிகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, வெயிலில் ஜெனோவாவின் பின்னால் ஓடினாள்.